எழுதி வைத்த வெற்றிக்கு எதற்கு நாக்-அவுட்?

1979இல் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் இன்டர்காண்டினென்டல் என்று புதிய பட்டம் ஒன்றை உருவாக்கி, பேட் பேட்டர்சனை அதன் முதல் சாம்பியனாக அறிவித்தது. ரியோ டி ஜெனீரோவில் நடந்த போட்டித்தொடரில் வென்று அவர் அந்தப் பட்டத்தைப் பெற்றார் என்பது நிறுவனம் சொன்ன கதை. ரியோவில் அப்படி எந்தத் தொடரும் நடக்கவில்லை. இன்று இது ஊரறிந்த செய்தி, யாரும் மறைப்பதில்லை. ஆனால் அந்தப் பொய்யின் வடிவம் கவனிக்கத்தக்கது. பெல்ட்டை நேரடியாகக் கையில் கொடுத்திருக்கலாம், யாரோ ஒருவரை ஒரே ஆட்டத்தில் வென்றதாகவும் சொல்லியிருக்கலாம். இரண்டும் போதாது என்று பட்டிருக்க வேண்டும். பலர் களமிறங்கி, ஒவ்வொருவராக வெளியேறி, கடைசியில் ஒருவர் மிஞ்சினார் என்ற வரலாறு இருந்தால்தான் பட்டத்துக்கு எடை கூடும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. தோற்றவர் உடனே வெளியேறும் நாக்-அவுட் முறையோ, வலியவர் யார் என்று தெரியாத நிலையில் அதைக் கண்டறிய ஏற்பட்டது. விடை கையில் இருக்கும்போது அதைத் தேடும் இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு? ஜப்பானின் நியூ ஜப்பான் கோப்பையில் 2019இல் 32 பேர் ஆடினார்கள். 2022இல் 48 பேர். ஊர் ஊராக, வாரக்கணக்கில், இரவுக்குச் சில ஆட்டங்களாக அது நகர்கிறது. சிறுபிள்ளைக்கும் தெரிந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு இத்தனை பேர் ஏன் மூச்சைப் பிடித்துப் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விக்குச் சர்க்கஸ் கூடாரங்களிலிருந்தும் பாரிஸ் அறிவுலகிலிருந்தும் டோக்கியோ அலுவலகங்களிலிருந்தும் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பல பதில்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பகுதியை விளக்குகிறது. மற்றொரு பகுதியைக் கைவிடுகிறது.

அடைத்த கதவுக்குப் பின்னால்

மிகப் பழைய பதில் இது: மேடையில் நடப்பது நடிப்பு, ஆனால் அதன் பின்னால் உண்மையான தரவரிசை ஒன்று இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பிய நகரங்களில் கிரேக்க-ரோமானிய மல்யுத்தத் தொடர்கள் பெரும் வணிகமாக இருந்தன. 1898இல் பாரிஸில் நடந்த உலக சாம்பியன் தொடரில் பால் போன்ஸ் வென்றார். ருஷ்யாவில் சர்க்கஸ்களே இத்தொடர்களின் வீடு. இரவுதோறும் சில ஆட்டங்கள், வாரங்கள் நீளும் அட்டவணை, கடைசி இரவில் வெற்றியாளர். பல ஆட்டங்கள் பேசிவைத்து ஆடப்பட்டவை என்ற சந்தேகம் அப்போதே உண்டு.

ருஷ்ய இலக்கிய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1928இல் வெளியிட்ட ‘ஹம்பர்க் கணக்கு’ என்ற நூலில் ஒரு கதை சொல்கிறார். மல்லர்கள் ஆண்டு முழுவதும் அமைப்பாளரின் கட்டளைக்கேற்ப ஏமாற்றி ஆடுகிறார்கள், சொன்ன இடத்தில் விழுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஹம்பர்க் நகரின் மதுக்கடை ஒன்றில் கூடுகிறார்கள். கதவை அடைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, பார்வையாளர் இல்லாமல் நீண்ட நேரம், அழகில்லாமல், கடுமையாகப் பொருதுகிறார்கள். யாருக்கு எந்த இடம் என்பது அங்கே தீர்மானமாகிறது. ஷ்க்லோவ்ஸ்கி இக்கதையை எழுத்தாளர்களைத் தரம் பிரிக்கப் பயன்படுத்தினார். மல்யுத்த வரலாற்று ஆய்வாளர்களுக்கு ஹம்பர்க் கூட்டத்தின் சுவடு கிடைத்ததில்லை. கதை வரலாறாக நிற்காது என்றே தோன்றுகிறது.

ஆனாலும் அதன் ஈர்ப்பு குறையவில்லை. பொய்யான தொடருக்கு ஈடாக மெய்யான தொடர் ஒன்று எங்கோ நடக்கிறது என்ற நம்பிக்கை இன்றைய ரசிகர்களிடமும் இருக்கிறது. ‘உண்மையிலேயே சண்டை என்றால் இவர்தான் வெல்வார்’ என்ற பேச்சு அதன் மிச்சம். இந்தப் பதிலின் பலவீனம், ரகசியத் தொடரை மட்டுமே அது மதிப்பதில் இருக்கிறது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கண்ட தொடருக்கு என்ன பொருள் என்று அது சொல்வதில்லை. அழகில்லாத, பார்வையாளரில்லாத ஆட்டமே உயர்ந்தது என்றால், பார்வையாளர் எதற்காக வந்தார்கள்?

1915இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆப்பெரா ஹவுஸில் சாமுவேல் ராக்மன் நடத்திய சர்வதேசத் தொடர் இதற்கு நேரெதிரான சான்று. அலெக்ஸ் அபெர்க், விளாடெக் ஸ்பிஸ்கோ, எட் ‘ஸ்ட்ராங்லர்’ லூயிஸ் என்று தேர்ந்த மல்லர்கள் இருந்தும் கூட்டம் வரவில்லை. டிசம்பரில், முகமூடி அணிந்த ஒருவர் பார்வையாளர் பகுதியிலிருந்து தன்னையும் ஆடவிடுமாறு குரல் கொடுத்தார். இடம் கிடைத்தது, அரங்கு நிறைந்தது. ‘முகமூடி அதிசயம்’ என்று பெயர் பெற்ற அவர் மார்ட் ஹென்டர்சன். சொந்தப் பெயரில் ஆடியபோது அவ்வளவாக யாரும் பொருட்படுத்தாத மல்லர். தேர்ந்தவர்களின் மெய்யான தரவரிசையைக் காண வராத மக்கள், பெயர் தெரியாத ஒருவர் எத்தனை சுற்று தாக்குப்பிடிப்பார் என்று காண வந்தார்கள்.

பார்த்தின் பதில்

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் மல்யுத்தம் பற்றி எழுதிய கட்டுரை 1952இல் ‘எஸ்ப்ரி’ இதழில் வந்தது, 1957இல் ‘மித்தாலஜீஸ்’ தொகுப்பின் முதல் கட்டுரையானது. அதன் பிறகு இத்துறையில் எழுதிய எவரும் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. பாரிஸின் இரண்டாந்தர அரங்குகளில் அவர் கண்டது விளையாட்டை அல்ல, காட்சியை. மல்லரின் உடலே அவருடைய பாத்திரத்தை முதல் பார்வையிலேயே அறிவித்துவிடுகிறது. வலி, தோல்வி, நீதி ஆகியவை ஒளிவுமறைவின்றி, கிரேக்க நாடகத்தின் முகமூடிகளைப் போலப் பெரிதுபடுத்திக் காட்டப்படுகின்றன. ஆட்டம் பேசிவைத்ததா என்று மக்கள் கவலைப்படுவதில்லை என்றார். அது சரியான அவதானிப்பு.

நம் கேள்விக்கு அவருடைய இன்னொரு வாதம்தான் முக்கியம். குத்துச்சண்டை என்பது காலத்தில் கட்டப்படும் கதை. யார் வெல்வார் என்று பந்தயம் கட்டலாம். மல்யுத்தமோ தனித்தனிக் கணங்களின் கூட்டு. ஒவ்வொரு கணமும் தன்னளவில் முழுமையாகப் புரிந்துவிடுகிறது, முடிவை நோக்கிய பயணம் ரசிகருக்கு ஒரு பொருட்டல்ல என்பது பார்த்தின் கருத்து.

இதை ஏற்றுக்கொண்டால் பல இரவு நாக்-அவுட் தொடர் என்ற ஒன்றே இருக்க நியாயமில்லை. அதில் கணம் தன்னளவில் முழுமை பெறுவதில்லை. முதல் சுற்றில் முழங்காலில் வாங்கிய அடி காலிறுதியில் நொண்டலாகிறது, அரையிறுதியில் எதிராளிக்கு இலக்காகிறது, இறுதியில் தோல்விக்குக் காரணமாகிறது. நேற்று டோக்கியோவில் கண்டதை நினைவில் வைத்திருப்பவருக்குத்தான் இன்று ஓசாகாவில் நடப்பது முழுதாகப் புரியும். பார்த் கண்டவை பெரும்பாலும் ஓரிரவு ஆட்டங்களாக இருந்திருக்கலாம். அவர் எழுதிய அதே காலகட்டத்தில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஒரே நகரில் வாரக்கணக்கில் தொடர்ந்து நடந்த மல்யுத்தத் தொடர்களை அவர் கணக்கில் எடுத்திருந்தால், கணம் பற்றிய வாதத்தைத் தளர்த்தியிருப்பார் என்று கருத இடமுண்டு.

தொடர்கதையும் மறைந்திருக்கும் மெய்யும்

1990களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து இரண்டு திருத்தங்கள் வந்தன. ஹென்றி ஜென்கின்ஸ், தொலைக்காட்சி மல்யுத்தத்தை ஆண்களுக்கான மெலோடிராமா என்று வாசித்தார். முடிவில்லாத தொடர்கதை, அநீதி, துரோகம், தள்ளிப்போகும் பழிவாங்கல். கால ஓட்டத்தை இது மீட்டுக் கொடுத்தது. ஆனால் மெலோடிராமா முடியக் கூடாது. நாக்-அவுட் தொடரோ முடிந்தே ஆக வேண்டும். தொடர்கதையில் தோற்றவர் அடுத்த வாரம் திரும்பி வருவார். தொடரில் தோற்றவருக்கு அந்த ஆண்டு முடிந்தது.

ஷாரன் மேஸர் 1998இல் வெளியான தம் நூலுக்காக புரூக்ளினின் கிளீசன்ஸ் ஜிம்மில் பயிற்சி பெற்ற மல்லர்களைக் கூர்ந்து கவனித்தார். ரசிகர்கள் ஏமாறுவதில்லை, பொய்க்குள் மெய் வெளிப்படும் இடத்தைத் தேடுகிறார்கள் என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. நாக்-அவுட் தொடருக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. அது எங்கே மெய்யாகிறது என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

அமைப்பாளரின் கணக்கு

அறிஞர்களை விட்டுத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் பதில் சுருக்கமாக வரும்: தொடர் கூட்டம் சேர்க்கும், ஆளை உருவாக்கும். யார் வெல்வது, எப்படி வெல்வது என்று தீர்மானிப்பவரை இத்தொழிலில் புக்கர் என்பார்கள். அவருக்கு நாக்-அவுட் ஒரு கருவி. 1989இல் நியூ ஜெர்சி மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதற்காக, தாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு, போட்டியல்ல என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பு அரசிடமே சொல்லிவிட்டது. அதன் பிறகும் நிறுவனம் தொடர்களைக் கைவிடவில்லை. ‘கிங் ஆஃப் தி ரிங்’ 1993 முதல் தனிக் கட்டண நிகழ்ச்சியாக வளர்ந்ததே இதற்குப் பிறகுதான். போட்டியல்ல என்று ஒப்புக்கொண்ட பின் போட்டியின் சட்டகம் இன்னும் தேவைப்பட்டது என்பது யோசிக்கத்தக்கது.

புக்கர் வேலையின் நுட்பத்தை அட்டவணையில்தான் பார்க்க முடியும். 1993இல் ஒஹையோவின் டேட்டன் நகரில் நடந்த ‘கிங் ஆஃப் தி ரிங்’ இரவில் பிரெட் ஹார்ட் மூன்று ஆட்டம் ஆடினார்: ரேசர் ரமோன், மிஸ்டர் பெர்ஃபெக்ட், பேம் பேம் பிகலோ. முதல் ஆட்டத்தில் ரமோன் மிதித்த விரல்களைப் பொத்திக்கொண்டுதான் அடுத்த ஆட்டத்துக்கு வந்தார். மறுபக்கத்தில் லெக்ஸ் லூகரும் டட்டாங்காவும் 15 நிமிடம் ஆடிச் சமன் ஆகி இருவரும் வெளியேறினார்கள். எனவே பிகலோ அரையிறுதி ஆடாமலே இறுதிக்கு வந்து நின்றார். பெரிய உடம்பு, ஓய்வெடுத்த உடம்பு. எதிரே சிறிய உடம்பு, களைத்த உடம்பு. ஒரு சமனைச் செருகியதன் மூலம் இறுதி ஆட்டத்தின் கதை முழுவதும் வாயைத் திறக்காமலே சொல்லப்பட்டுவிட்டது.

இது புதிய உத்தி அல்ல. 1988 மார்ச்சில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த நான்காவது ரெஸ்ல்மேனியாவில் 14 பேர் கொண்ட தொடர். ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே தி ஜயண்டும் காலிறுதியில் இருவருமே தகுதி நீக்கம் பெற்றதால், டெட் டிபியாஸி இரண்டே ஆட்டத்தில் இறுதிக்கு வந்தார். ராண்டி சாவேஜ் இறுதியையும் சேர்த்து நான்கு ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. பணக்காரருக்குச் சுருக்குவழி, உழைப்பவருக்கு நெடுவழி. டிபியாஸியின் பாத்திரமே எதையும் விலைக்கு வாங்கும் கோடீசுவரன் என்பதால் அட்டவணையும் பாத்திரமும் கச்சிதமாகப் பொருந்தின. நாக்-அவுட் அட்டவணை என்பது கோடுகளால் எழுதிய கதை என்று சொன்னால் மிகையாகாது.

அமைப்பாளரின் கணக்கு சில சமயம் கைமீறியும் போகும். 1996 ஜூனில் மில்வாக்கியில் ‘கிங் ஆஃப் தி ரிங்’ வென்றவர் ஸ்டீவ் ஆஸ்டின். அந்த இடம் முதலில் ஹன்டர் ஹர்ஸ்ட் ஹெம்ஸ்லிக்கு ஒதுக்கப்பட்டிருந்ததாகவும், மே 19இல் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் அவர் நண்பர்களுடன் பாத்திரத்தை விட்டு விலகிக் கட்டித்தழுவியதற்குத் தண்டனையாக மாற்றப்பட்டதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆஸ்டின் அரையிறுதியில் வாயில் அடிபட்டு, மருத்துவமனைக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து இறுதி ஆட்டத்தில் ஜேக் ராபர்ட்ஸை வென்றார். பின்னர் அவர் பேசிய சில நிமிடப் பேச்சுதான் அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. தொடர் அவரை உருவாக்கியது என்று வணிகப் பதில் சொல்லும். தண்டனை, தையல், பேச்சு என்று திட்டமிடாதவை பல ஒன்றுசேர்ந்து உருவாக்கின என்றும் சொல்லலாம். இரண்டில் எது சரி என்று ஒரு நிகழ்வை வைத்து முடிவுகட்ட முடியாது.

வணிகப் பதிலின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அமைப்பாளர் ஏன் தொடரை விரும்புகிறார் என்பதை அது விளக்குகிறது. மக்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பதை விளக்குவதில்லை. சொல்லப்போனால் பல இரவு நாக்-அவுட் வணிகரீதியில் இடர் மிகுந்தது. 32 பேர் தொடரில் முதல் சுற்று முடிந்ததும் 16 பேர் காணாமல் போகிறார்கள். தன் ஊருக்குத் தொடர் வரும்முன்பே தனக்குப் பிடித்தவர் தோற்றுவிட்டால் ரசிகர் ஏன் டிக்கெட் வாங்க வேண்டும்? அதனால்தான் நியூ ஜப்பான் கோப்பையின் வெளியூர் இரவுகளில் தொடருக்கான ஆட்டங்கள் ஒரு சிலவற்றோடு நிற்கின்றன. மீதி நேரத்தை மூவர் அணி ஆட்டங்கள் நிரப்புகின்றன. தோற்றவரும் அவற்றில் வருவார், நாளைய எதிராளிகளும் எதிரெதிரே நிற்பார்கள்.

ஜப்பான் செய்து பார்த்த சோதனை

இந்த இடரைத் தவிர்க்க ஜப்பான் நெடுங்காலம், எல்லோரும் எல்லோரோடும் ஆடிப் புள்ளி சேர்க்கும் லீக் முறையை நம்பியது. ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தை நிறுவிய ரிக்கிடோஸான் 1955இல் டோக்கியோவில் ஆசியப் பட்டத்தை வென்றது ஒரு தொடரின் இறுதி ஆட்டத்தில். எதிராளி, தமிழகத்தில் முந்தைய தலைமுறை தாராசிங் பெயரோடு சேர்த்தே நினைவு வைத்திருக்கும் அதே கிங்காங். 1959இல் ரிக்கிடோஸான் தொடங்கிய உலக லீக், பல நாட்டவரை வசந்தகாலத்தில் அழைத்து ஊர் ஊராகச் சுற்றும் வழக்கத்தை நிலைநாட்டியது. 1973இல் ஜயண்ட் பாபாவின் ஆல் ஜப்பான் நிறுவனம் தொடங்கிய சாம்பியன் கார்னிவல் முதலில் நாக்-அவுட்டாக நடந்து, பின்னர் லீக்காக மாறியது.

நியூ ஜப்பான் நிறுவனத்தின் ஜி1 கிளைமாக்ஸ் தொடரில் இச்சோதனை இன்னும் தெளிவாக நடந்தது. 1991 ஆகஸ்டில் முதல் ஜி1 லீக் முறையில் நடந்தது. எட்டுப் பேர், இரண்டு பிரிவு. அப்போது நிறுவனத்தின் புக்கராக இருந்த ரிக்கி சோஷு ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. முன்னணியில் இருந்தவர்கள் ஒதுங்க, மசாஹிரோ சோனோ, கெய்ஜி முட்டோ, ஷின்யா ஹாஷிமோட்டோ என்ற இளைய மூவர் மேலே வந்தார்கள். ரியோகோகுவின் சுமோ அரங்கில் சோனோ முட்டோவை வென்றபோது, சுமோவில் உச்சத் தரத்தவரான யோகோசூனா தோற்றால் மக்கள் இருக்கை மெத்தைகளைத் தூக்கி எறிவதுபோல, மெத்தைகள் ரிங்குக்குள் பறந்து விழுந்தன.

மறு ஆண்டே ஜி1 நாக்-அவுட்டாக மாறியது. 1992இல் சோனோ, 1993இல் தாட்சுமி ஃபுஜினாமி வென்றார்கள். பின் லீக்குக்குத் திரும்பி, 1997இல் கென்சுகே சசாகி, 1998இல் ஹாஷிமோட்டோ என மீண்டும் இரண்டு நாக்-அவுட் ஆண்டுகள். 1999 முதல் லீக் நிலைபெற்றது. நாக்-அவுட்டுக்கான இடம் 2005இல் தனியாக நியூ ஜப்பான் கோப்பையாகப் பிறந்தது. முதலில் வென்றவர் ஹிரோஷி தனாஹாஷி. இன்று கோடையில் லீக், வசந்தத்தில் நாக்-அவுட் என்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது.

இப்படி மாறி மாறிச் சென்றதை வெறும் நிர்வாக மாற்றமாகப் பார்க்கக் கூடாது. லீக்கில் தோல்விக்கு மாற்று உண்டு. இருபது பேர் இரண்டு பிரிவாக ஆடிய ஆண்டுகளில் ஜி1 தொடரில் 91 ஆட்டங்கள் நடந்தன. ஒருவர் மூன்று தோற்றும் இறுதிக்கு வரலாம். எனவே வலியவரை எளியவர் வீழ்த்துவது லீக்கில் அடிக்கடி நிகழும், விலை குறைவாகவே இருக்கும். நாக்-அவுட்டில் அதே நிகழ்ச்சி ஒருவரின் ஆண்டையே முடித்துவிடும். 2018 நியூ ஜப்பான் கோப்பையில் இங்கிலாந்தின் ஜாக் சேபர் ஜூனியர், டெட்சுயா நைட்டோ, கோட்டா இபுஷி, சனாடா, தனாஹாஷி என்று நால்வரை வரிசையாகப் பூட்டுப்பிடிகளால் வீழ்த்தினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முன்னணிப் பெயர் அட்டவணையிலிருந்து அழிந்தது. லீக்கில் இதே நான்கு வெற்றிகள் எட்டுப் புள்ளிகளாக மட்டும் இருந்திருக்கும்.

நாக்-அவுட் நியதியை ஜப்பானுக்கு வெளியே வளைத்தவர்களும் உண்டு. அமெரிக்கச் சிறு நிறுவனங்களில் பி.டபிள்யூ.ஜி.யின் ‘பேட்டில் ஆஃப் லாஸ் ஏஞ்சலிஸ்’ 2005இல் இரண்டு இரவுத் தொடராகத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸின் ரெசிடா பகுதியிலுள்ள முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூடத்தில் சில நூறு பேர் முன்னால் நடந்த இத்தொடர் உலக அளவில் பேசப்பட்டது. பின்னர் 24 பேர், மூன்று இரவு என்று வளர்ந்தபோது கணக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது: 24, 12, 6, 3. எனவே இறுதி ஆட்டத்தில் மூவர். மூன்றாம் இரவில் மட்டும் காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று மூன்று முறை ஒருவர் ரிங்கில் ஏற வேண்டும். ஒருவருக்கொருவர் என்ற நாக்-அவுட் நியதி கடைசியில் உடைகிறது. அந்தக் கூடத்து ரசிகர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். இவர்கள் நியதியைவிட ஆட்டத்தின் தரத்தை மதித்தவர்கள் என்று கொள்ளலாமா? தரத்தை நட்சத்திரக் கணக்கில் அளக்கும் டேவ் மெல்ட்ஸரின் மதிப்பீட்டு மரபு அங்கே வலுவாக வேரூன்றியிருந்தது என்பதால், அப்படிக் கொள்ள ஓரளவு இடமுண்டு.

மெய்யான தொடர் ஏன் ஏமாற்றுகிறது

இன்னொரு கட்சி, மல்யுத்தத் தொடரை விளையாட்டின் போலி என்று பார்க்காமல் விளையாட்டின் திருத்திய வடிவம் என்று பார்க்கிறது. இதற்கு வலுவான சான்று 1994 செப்டம்பரில் நடந்த மூன்றாவது யு.எஃப்.சி. அது பேசிவைக்காத சண்டை, எட்டுப் பேர், ஒரே இரவு. எல்லோரும் எதிர்பார்த்தது ராய்ஸ் கிரேஸி, கென் ஷாம்ராக் மோதல். கிரேஸி முதல் சண்டையில் கிமோவை வென்று களைத்து விலகினார். ஷாம்ராக் காயத்தால் விலகினார். மாற்று வீரராகக் காத்திருந்த ஸ்டீவ் ஜெனம் ஒரே சண்டை போட்டுச் சாம்பியன் ஆனார். விதிப்படி எல்லாம் சரி. பார்த்தவர்களுக்கோ பெரும் ஏமாற்றம்.

மெய்யான நாக்-அவுட் வலியவரைத் தேர்ந்தெடுக்கும் என்பதே உறுதியில்லை. தப்பிப் பிழைத்தவரைத் தேர்ந்தெடுக்கும். மல்யுத்தத் தொடர் அந்தக் குறையை நீக்கி, நாம் விளையாட்டிடம் எதிர்பார்த்து அரிதாகவே பெறும் நியாயத்தை வழங்குகிறது என்பது இக்கட்சியின் வாதம். கவர்ச்சியான வாதம். ஆனால் முழுவதும் சரியென்றால் மல்யுத்தத் தொடர்களில் எப்போதும் தகுதியானவரே வெல்ல வேண்டும். 2020 நியூ ஜப்பான் கோப்பை அப்படி முடியவில்லை. பெருந்தொற்றால் தள்ளிப்போய் ஜூன் 16இல் பார்வையாளர் இல்லாமல் தொடங்கிய அத்தொடரின் இறுதி ஜூலை 11இல் ஓசாகா-ஜோ ஹாலில் குறைந்த பார்வையாளரோடு நடந்தது. புல்லட் கிளப் என்ற மல்லர் குழுவினரின் குறுக்கீட்டால் ஈவில் என்ற மல்லர், முன்னணி நட்சத்திரமான ஒகாடாவை வென்றார். பலருக்கு அது கசந்தது. நியாயத்தைத் தருவதாகச் சொல்லும் வடிவத்தை வைத்தே அநியாயத்தை அழுத்திக் காட்டலாம் என்பதை அது நிரூபித்தது.

உடல் பேசிவைப்பதில்லை

மேற்கண்ட பதில்கள் எல்லாம் தொட்டுச் செல்லும், ஆனால் ஊன்றி நிற்காத ஒன்று உண்டு. முடிவு மட்டும்தான் முன்கூட்டி எழுதப்படுகிறது. அதற்கான விலை எழுதப்படுவதில்லை. பத்தாம் இரவில் ஒருவர் களைத்து நடக்கும்போது, எவ்வளவு நடிப்பு, எவ்வளவு மெய் என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் இருக்கக்கூடும். மேஸர் சொன்ன மெய் பல இரவுத் தொடரில் வெளிப்படும் இடம் இதுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

2021 ஜி1 லீக் முறைத் தொடர்தான் என்றாலும் இங்கே சான்றாக வேண்டியிருக்கிறது. முதல் இரவே டெட்சுயா நைட்டோ முழங்காலில் காயம்பட்டு விலக, அவருடைய மீதி எதிராளிகள் ஆடாமலே வென்றதாக அறிவிக்கப்பட்டார்கள். அக்டோபர் 21இல் நிப்பான் புடோகானில் இறுதி ஆட்டம்: ஒகாடா எதிர் கோட்டா இபுஷி. இபுஷி மேல்கயிற்றின் மூலையில் ஏறி, பின்புறமாகத் திரும்பிக் குதித்து, காற்றில் சுழன்று இறங்கும் ஃபீனிக்ஸ் ஸ்பிளாஷைப் போட்டார். ஒகாடா விலகினார், அதுவரை எல்லாம் வழக்கமான காட்சி. இபுஷி விழுந்த விதத்தில் தோள் போய்விட்டது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ஒகாடா வென்றவராக அறிவிக்கப்பட்டார், ஆனால் அங்கே வெற்றிக்கான முகம் எதுவும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேலாகக் கட்டி எழுப்பிய தொடர், எழுதப்பட்ட முடிவை அடையாமலே முடிந்தது. மூன்றாவது யு.எஃப்.சி.க்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்துவிட்டது.

2017 நியூ ஜப்பான் கோப்பையை வென்றவர் கட்சுயோரி ஷிபாட்டா. பரிசாகப் பட்டத்துக்கான ஆட்டம் கிடைத்தது. ஏப்ரல் 9இல் ரியோகோகுவில் ஒகாடாவை எதிர்த்து ஆடும்போது, பாதுகாப்பற்ற தலைமுட்டு ஒன்றைக் கொடுத்தார். அடித்த ஓசை அரங்கு முழுவதும் கேட்டது. அவர் நெற்றியிலிருந்து இரத்தம் வழிந்தது. ஆட்டம் முடிந்த பின் மூளை உறைக்குக் கீழே இரத்தக் கசிவு கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. பல ஆண்டுகள் அவர் முழு ஆட்டம் ஆடவில்லை. அந்தக் காயம் தொடருக்குள் நேர்ந்ததல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனால் வென்றவர் தன்னை முற்றாகக் கொடுத்தார் என்று பார்ப்போரை நம்பவைக்க வேண்டும் என்ற நெருக்கடியை வளர்ப்பதில் தொடரின் தர்க்கத்துக்கும் பங்கிருக்கிறது. நியாயமாக வென்றதாகத் தோன்ற வேண்டுமென்றால் நியாயமாக வலித்ததாகத் தோன்ற வேண்டும்; தோற்றத்துக்கு மிக அருகில் மெய்யான வலி இருக்கிறது. இத்துறையை நேசிப்பவர்கள் இதை மழுப்பக் கூடாது.

இன்னும் தீராதவை

பார்வையாளர் முடிவைத் தேடி வருவதில்லை என்று பார்த் சொன்னதைத் திருத்தியாக வேண்டும். பல இரவு நாக்-அவுட்டில் அவர்கள் தேடுவது மீட்க முடியாத தோல்வியை. சொன்ன சொல் மாறாமல், தோற்றவர் அந்தத் தொடருக்குத் திரும்பி வர மாட்டார் என்ற விதியை அமைப்பாளர் காப்பாற்றும் வரை, முடிவு எழுதப்பட்டது என்ற அறிவு ரசனையைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. இந்த விளக்கம் 1988, 1993, 2018 தொடர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ரெசிடாவின் மூவர் இறுதிக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ரியோ கதைக்கு வினோதமான முறையில் பொருந்துகிறது: நடக்காத தொடரில் தோற்றவர் எவரும் திரும்பி வந்து கேள்வி கேட்கப் போவதில்லை.

லீக் சிறந்ததா, நாக்-அவுட் சிறந்ததா என்பதற்கு ஜப்பானின் சோதனை இறுதியான விடை தரவில்லை. இரண்டையும் வெவ்வேறு பருவத்தில் வைத்துக்கொண்டது சமரசமே தவிரத் தீர்ப்பு ஆகாது. 2014 டிசம்பரில் நியூ ஜப்பானின் இணைய ஒளிபரப்பு தொடங்கிய பின் தொடரின் இரவுகளைப் பிற நாட்டவரும் பார்க்கலாம். தன் ஊருக்குத் தொடர் வரும்முன் பிடித்தவர் தோற்றுவிடும் பழைய சிக்கல் இதனால் தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் ரசிகரிடம் முதல் சுற்று நொண்டல் இறுதிவரை நினைவில் தங்குமா என்பது வேறு கேள்வி. பெண்கள் தொடர்கள் இந்த விவாதத்துக்குள் போதுமான அளவு வரவில்லை. 2017இல் 32 பேரோடு நடந்து கைரி சேன் வென்ற மே யங் கிளாசிக்கையும், ஜப்பானின் ஸ்டார்டம் நிறுவனம் 2012 முதல் நடத்தும் லீக்கையும் ஒப்பிட்டால், ஆண்களின் தொடர்களை மட்டும் வைத்து எழுந்த மேற்கண்ட பதில்களில் சில மாற வேண்டியிருக்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி உடலைப் பற்றியது. களைப்பு மெய்யாக இருப்பதால்தான் பல இரவுத் தொடர் நம்மைப் பிடித்து வைக்கிறது என்றால், ஆட்டங்களைக் குறைத்து, ஓய்வு நாட்களைக் கூட்டி, தலையில் விழும் அடிகளைத் தடுத்துப் பாதுகாப்பாக நடத்தும் தொடருக்கு அந்தப் பிடிப்பு எவ்வளவு மிஞ்சும்? குறையத்தான் செய்யும் என்று பழைய மல்லர்கள் பலர் வாதிடுவார்கள். 1988இல் சாவேஜின் நான்கு ஆட்டங்களும் குறுகியவை. அவருடைய நெடுவழியைக் காட்டியது அட்டவணையே, அதற்காக அவர் உடலை உடைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. அந்த உத்தி மூன்று வாரம் நீளும் தொடரையும் தாங்குமா என்பதை எந்தப் பெரிய நிறுவனமும் இதுவரை முழு மனதோடு சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.